இன்னொரு பட்டை போடலாமா?

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் எந்த லோடு வண்டி ஸ்டாண்டில் போய் நின்றாலும் பேச்சு இரண்டைச் சுற்றித்தான் வருகிறது: வாடகை, வண்டி. கிளட்ச் வழுக்குகிறது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது என்று ஒருவர் வாயெடுத்தால் போதும். பக்கத்து வண்டிக்காரர் காரணம் சொல்வார், அடுத்தவர் அதை மறுப்பார், மூன்றாமவர் எந்தப் பட்டறைக்குப் போகக் கூடாது என்பதை மட்டும் சொல்வார். பெரும்பாலும் இவர்கள் சொந்த வண்டியைத் தாமே ஓட்டுகிறவர்கள். குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் 2005இல் வந்தது. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தது. இவற்றைவிடக் கனத்த லோடுக்கு மகிந்திராவின் பொலிரோ பிக்அப். லாரிக்குப் பாடி கட்டுவதிலும் போர்வெல் ரிக் வண்டிகளிலும் பேர்போன வட்டாரம் இது. சின்ன வண்டிக்கு வைத்தியம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. இந்தப் பேச்சைக் கேட்டும், பட்டறைகளில் அது என்னவாக முடிகிறது என்று பார்த்தும் நான் வந்த முடிவு இதுதான். பழுது பார்ப்பதில் ஸ்டாண்டு சொல்லும் யோசனையைப் பெரும்பாலும் நம்பலாம். வண்டியை மேம்படுத்துவதில் அதே ஆட்கள் அதே அனுபவத்தோடு சொல்வதை அவ்வளவு நம்ப முடியாது. அவர்களுடைய அறிவில் குறை இருப்பதால் அப்படிச் சொல்லவில்லை. யோசனை தப்பாகப் போனால் அதற்கான விலை எப்போது வருகிறது, யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பழுதை முதலில் எடுத்துக்கொள்வோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓட விட்டால் தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா பார், டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருக்கிறதா பார், இரண்டில் எது இருந்தாலும் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகப்படு என்பது ஸ்டாண்டுப் பாடம். ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்; ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது அல்லது பேரிங் போகிறது. ரப்பர் சாமான் என்றால் கம்பெனி சாமானாகவே வாங்கு, தகரச் சாமான் லோக்கலில் வாங்கிக்கொள் என்கிறார்கள். ஸ்பிரிங் கழற்றி மாட்டினால் முதல் லோடு அடித்துவிட்டு வந்து யு-போல்ட்டை மறுபடி முறுக்கச் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்னதற்கு உறுதியான காரணம் உண்டு. ஸ்பிரிங் பட்டைகள் லோடு ஏறிய பிறகுதான் ஒன்றோடொன்று படிகின்றன. படிந்ததும் யு-போல்ட் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் சென்டர் போல்ட் அறுபடுகிறது. அறுந்தால் பின் அச்சே நகர்ந்து வண்டி கோணலாக ஓடுகிறது. இந்தச் சங்கிலியை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் ஸ்டாண்டு கண்டுபிடித்து வைத்திருக்கிறது. எப்படி? யோசனை சொன்னவர் மறுநாளும் அதே வரிசையில் நிற்கிறார். கேட்டவரும் நிற்கிறார். வண்டி ஓடியதா நின்றதா என்பது இரண்டு பேருக்கும் தெரிகிறது. தப்பான யோசனை சொன்னவரை அடுத்த முறை யாரும் கேட்பதில்லை. வண்டி நின்றாலும் கடன் டியூ நிற்காது என்பதால் இந்தத் தேர்வில் தயவுதாட்சண்யம் கிடையாது.

இதே கண்டிப்பு ஸ்பிரிங் பட்டறையிலும் உண்டு. அங்கே வேலை செய்பவர்களின் திறமை சம்மட்டி பிடிப்பதில் இருக்கிறது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்போம். உண்மையான திறமை உடைந்த பட்டையைப் படிப்பதில் இருக்கிறது. உடைந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்துத் துரு ஏறியும் மறுபகுதி பளிச்சென்றும் இருந்தால், வெடிப்பு எப்போதோ தொடங்கிவிட்டது, மிச்சம்தான் இன்று உடைந்தது என்று பொருள். முகம் முழுக்கப் பளிச்சென்று இருந்தால் ஒரே குழியில், ஒரே அடியில் போனது. முதலாவது என்றால் மற்ற பட்டைகளிலும் வெடிப்பு இருக்கக்கூடும், எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் ஒன்றை மாற்றினால் போதும். பட்டைகளுக்கு நடுவே தேய்ந்து மினுங்கும் தடத்தைப் பார்த்து, லோடு எந்தப் பக்கம் சாய்த்து ஏற்றப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். படுத்துப்போன பட்டையை உலையில் காய்ச்சி, அச்சில் வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி வளைவை ஏற்றுவது நிதானம் வேண்டிய வேலை. சூடு ஏற்றாமல் வெறுமே அடித்து வளைத்தால் வளைவு வந்துவிடும், உறுதி வராது. அப்படிச் செய்த பட்டறையின் பெயர் சில வாரங்களில் ஸ்டாண்டில் கெட்டுவிடுகிறது.

மேம்படுத்துவதற்கு வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. ஹாரன், கண்ணாடி, ஸ்டிக்கர், சீட் கவர் எல்லாம் அவரவர் ஆசை. அதில் வாதிட ஒன்றுமில்லை. நான் சொல்வது சுமையைத் தாங்கும் மாற்றங்களை. இந்த வட்டாரத்தில் புது பிக்அப் வாங்கியவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை “பின்னாடி இன்னொரு பட்டை போட்டுருங்கண்ணா” என்பதாகத்தான் இருக்கிறது. போட்டால் லோடு ஏற்றியும் வண்டி குந்துவதில்லை, வளைவில் ஆடுவதில்லை. போட்ட அன்றே பலன் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் யோசனை ஜெயித்துவிட்டதாகப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாதது ஒன்று அங்கே இருக்கிறது. பல பிக்அப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி ஓடுகிறது. அதன் மறுமுனை பிரேக் ஆயில் போகும் வழியில் உள்ள ஒரு வால்வில் மாட்டியிருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகர்ந்து பின் சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் அழுத்தத்தைக் குறைக்கும், இல்லையென்றால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது ஒன்றுதான் அந்த வால்வுக்குத் தெரிந்த எடைக்கணக்கு. கூடுதல் பட்டை போட்ட வண்டி லோடோடும் தாழ்வதில்லை. ஆகவே வண்டி காலியாக இருப்பதாக வால்வு எடுத்துக்கொள்கிறது. இரண்டு டன் முதுகில் இருக்கும்போது பின் பிரேக்கைப் பாதியில் நிறுத்திவைக்கிறது. மிச்சச் சுமையும் முன் பிரேக்கில் விழுகிறது. முன் பேட் சீக்கிரம் தேய்ந்தால் ஸ்டாண்டு அதைக் கவனிக்கும், ஆனால் ‘பேட் டூப்ளிகேட்டா இருக்கும்’ என்று கடைக்காரரைத்தான் திட்டும்.

கொல்லிமலையை வைத்து இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் அன்னாசியும் வாழையும் பலாவும் ஏற்றி இறங்கும் வண்டிகளுக்கு ஸ்டாண்டு சொல்லும் ஓட்டு முறை அப்பழுக்கற்றது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கில் காலை வைத்தபடியே வராதே, வாடை அடித்தால் ஓரங்கட்டி ஆற விடு, கொதிக்கிற டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே, வெடித்துவிடும். ஒவ்வொன்றும் சரி, ஏனென்றால் தவறின் விலையை ஓட்டுகிறவரே அந்த இறக்கத்திலேயே கொடுக்கிறார். அதே ஸ்டாண்டு அதே வண்டிக்குக் கூடுதல் பட்டையும் சொல்கிறது. மொத்த எடை மூன்று டன் என்று வகுத்த வண்டியில் ஒரு டன் கூட்டினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பட்டை எத்தனை போட்டாலும் டிரம் பெரிதாகாது, லைனிங் தடிமனாகாது. இந்தக் கணக்கு மறுநாள் ஸ்டாண்டில் தெரிவதில்லை. முன்னால் போன வண்டி திடீரென்று நின்ற ஒருநாளில் தெரிகிறது. அன்று கூட, பிரேக் பிடிக்கவில்லை என்று பேச்சு முடியும். யாரும் பட்டையைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

ஹெட்லைட்டிலும் இதே பிளவைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வாட் கூடின பல்பு போட்டால் ஸ்விட்ச் கருகும், ரிலே வைத்துத் தனி வயர் இழு என்று சொல்கிறார்கள். சரியான யோசனை, ஏனென்றால் கருகுவது சொன்னவரின் சொந்த ஸ்விட்ச். பழைய ரிப்ளெக்டர் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த எதிரே வருபவர் ஸ்டாண்டில் நிற்பதில்லை.

இதற்கு ஓனர்கள் தரும் பதிலை ஒதுக்கிவிட முடியாது. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையை மட்டும் ஏற்றினால் டீசலுக்கும் டியூவுக்கும் சரியாகப் போய்விடும், வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று கேட்கிறார்கள். வாடகை பேசுகிறவர் நடைக்குத்தான் பேசுகிறார். கூட நாலு மூட்டை ஏற்றுகிற வண்டி இருக்கும்போது ஏற்றாத வண்டியைக் கூப்பிட மாட்டார். கூடுதல் லோடுக்குச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைக் கட்டுவது ஓட்டியவர், மூட்டை ஏற்றச் சொன்னவர் வழக்கமாகத் தப்பிவிடுகிறார். இதெல்லாம் உண்மை. அதற்காகப் பட்டை சரியாகிவிடாது. பட்டை போடுகிறவர் பேராசைக்காரர் இல்லை என்று மட்டுமே இதிலிருந்து தெரிகிறது. இதைவிடக் கூர்மையான வாதம் ஒன்றும் உண்டு. கம்பெனிக்காரன் குறைத்துத்தான் எழுதுவான், வண்டி தாங்கும். இல்லாவிட்டால் ஏன் ஒவ்வொரு மாடலிலும் எடையை ஏற்றிக்கொண்டே போகிறான் என்கிறார்கள். 2018இல் கனரக வண்டிகளின் அச்சு எடை வரம்பை மத்திய அரசே 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தியதையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். கம்பெனிகள் ரோட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டன என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 2023இல் வந்த பொலிரோ மாக்ஸ் வரிசையில் இரண்டு டன் வரை ஏற்றும் வண்டி இருக்கிறது என்றால், அந்த இரண்டு டன்னை முன்பே ஏற்றிப் பார்த்தவர்கள் இந்த ஓனர்கள்தான். ஆனால் கம்பெனி அதிக எடைக்கு வண்டியை வகுக்கும்போது டயர், அச்சு, பிரேக், சேஸி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. பட்டறையில் மாறுவது ஸ்பிரிங் ஒன்றுதான். குந்துவதுதான் வண்டி தன் எல்லையைச் சொல்லும் வழி. பட்டை அந்த வாயைக் கட்டிவிடுகிறது.

இன்னொரு விதத்திலும் ஸ்டாண்டின் நினைவு அறுந்துபோகிறது. சில வருடம் ஓட்டிவிட்டு வண்டியை விற்றுவிடுகிறார்கள். ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட் அருகே சேஸியில் மயிரிழை வெடிப்பு தெரியவரும்போது வண்டி இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போயிருக்கிறது, வேறு ஊர் ஸ்டாண்டில் நிற்கிறது. அங்கே அதற்கு வெல்டிங் வைத்துத் தகடு அடிக்கச் சொல்வார்கள்; அதுவும் நல்ல யோசனையாகவே இருக்கும். முதல் ஸ்டாண்டுக்குச் செய்தி திரும்பி வராது. முட்டை ஏற்றுகிறவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. கூடுதல் பட்டையின் முரட்டுத்தனம் உடைந்த முட்டையாக அன்று மாலையே கணக்கில் வந்துவிடும் என்பதால், மேம்படுத்தும் யோசனையில்கூட அவர்கள் நிதானமாக இருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதால், எல்லாவற்றையும் கம்பெனி சர்வீஸில் கேட்டுக்கொள்ளலாம், ஸ்டாண்டுப் பேச்சே வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபிறகு இந்த வாதத்துக்குப் பலம் கூடியிருக்கிறது. சென்சார் கெட்டதா வயர் கெட்டதா என்பதைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாது, ஸ்கேனர் வேண்டும். ஆனாலும் நான் பார்த்த ஒரு விஷயம் இந்த வாதத்தைத் தளர்த்துகிறது. பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் பில்டர் ஒன்று சைலன்சர் பாதையில் இருக்கிறது. கரி நிறைந்ததும் கூடுதல் டீசலைத் தெளித்து, சுமார் 600 டிகிரி சூட்டில் அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். டவுனுக்குள் நின்று நின்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. எரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது, டீசல் சொட்டுச் சொட்டாக இன்ஜின் ஆயிலில் இறங்குகிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. “விளக்கு வந்தா ஆஃப் பண்ணாதீங்க, பைபாஸ்ல ஒரே கியர்ல நல்லா இழுத்து ஓட்டிட்டு வாங்க, டிப்ஸ்டிக்ல ஆயில் ஏறியிருந்தா உடனே மாத்துங்க” என்று ஸ்டாண்டு சொல்கிறது. கம்பெனி மேனுவலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. அதை ஓட்டுகிறவர் மொழியில், விளக்கு எரிகிற நேரத்தில் சொல்வது ஸ்டாண்டு. அதே இடத்தில் வேறொரு குரலும் கேட்கிறது: அந்த பில்டரையே வெட்டி எடுத்துவிடு, புரோகிராமை மாற்றிவிடு, தொல்லை தீர்ந்தது. தொல்லை தீர்வது வண்டிக்காரருக்கு. கரி போவது பின்னால் வருபவரின் மூச்சில். முதல் குரல் பழுது பார்க்கிறது, இரண்டாவது மேம்படுத்துகிறது.

ஆகவே ஸ்டாண்டுக்கு வகுப்பெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்குத் தேவை, கண்ணுக்குத் தெரியாத விலையை மறுநாளே காட்டும் ஒரு கருவி. அப்படிப்பட்ட கருவி ஏற்கெனவே இருக்கிறது. சக்கரத்தை உருளை மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணில் காட்டும் பிரேக் சோதனை எந்திரம் அது. வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பிறகு வருடாவருடமும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், ஆனால் எஃப்.சி.க்கு வண்டி கழுவி, பெயிண்ட் அடித்து, காலியாகப் போகிறது. காலி வண்டியில் அந்த வால்வு சொல்வது பொய்யில்லை, அதனால் தப்பும் தெரிவதில்லை. லோடோடு ஏறி, பட்டை கூட்டுவதற்கு முன்னும் பின்னும் பின் சக்கரத்தின் எண்ணைப் பார்க்க ஓனருக்கு இடம் கொடுத்தால், அந்த இரண்டு எண்களும் அன்று சாயங்காலமே ஸ்டாண்டுக்கு வந்துவிடும், அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. லோடோடு அரசாங்க வாசலுக்குப் போனால் அங்கேயே அபராதம் எழுதிவிடுவார்களே என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே இதைச் செய்ய வேண்டிய இடம் வண்டி விற்ற டீலரின் சர்வீஸ் கொட்டகை அல்லது ஓனர்கள் சங்கம் சேர்ந்து நடத்தும் ஒரு பட்டறை. அதுவரைக்கும், கூடுதல் பட்டை போட்டே தீருவேன் என்பவர் ஸ்பிரிங் பட்டறையிலிருந்து வண்டியை எடுப்பதற்கு முன் அந்த வால்வுக் கம்பி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். புது உயரத்துக்கு அதைச் சரிசெய்து தரத் தெரியாது என்று பதில் வந்தால், பட்டையை அங்கேயே கழற்றச் சொல்லலாம்.