மகனுக்காக எந்த ஊரில் குடியிருப்பது?

பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு ஊர் மாறும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. கல்லூரிக்காகத் திருச்சிக்கும், ஆங்கிலப் பள்ளிக்காகச் சென்னைக்கும் பெயர்ந்தோரை நாம் அறிவோம். எங்கள் இல்லத்திலும் ஓராண்டுக் காலம் இதே பேச்சுத்தான் நடந்தது. ஆனால் எங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஆகையால் எந்தப் பள்ளி என்னும் கேள்வியோடு, எந்த ஊர், எந்தத் தெரு, எந்த அரசின் எல்லை என்னும் கேள்விகளும் சேர்ந்தே வந்தன. இதே நிலையிலுள்ள பெற்றோர் இவ்விதழின் வாசகர்களுள் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

ஆட்டிசத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. மதியிறுக்கம் என்பர் சிலர். புற உலகச் சிந்தனையற்றோர் என்று எழுதும் அரசுத் தாள்களும் உண்டு. இந்த இரண்டாவது பெயர் எங்களுக்கு உடன்பாடன்று. எங்கள் மகனுக்கு வயது ஏழு. பேச்சு மிகக் குறைவு. எனினும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தப் பேருந்து எந்நேரம் வரும் என்பதை அவன் அறிவான். வண்டி தாமதித்தால் அமைதியிழப்பான். புற உலகைப்பற்றி இவ்வளவு கவலைப்படுவோர் எங்கள் வீட்டில் வேறு எவருமில்லை! அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் இந்நிலை மருத்துவ உலகில் தனியே அறியப்பட்டது. அதன்பின் நெடுங்காலம், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று கற்றோரும் கூறிவந்தனர். இத்தகைய மகனைப் பெற்றவரான பெர்னார்டு ரிம்லண்ட் என்னும் உளவியலறிஞர் 1964இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, வளர்ப்பைச் சார்ந்ததன்று. ‘தாய் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி’ என்று திருமண வீடுகளில் இன்றும் சொல்வோர் இதை அறிந்திருப்பது நலம்.

எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்த கடற்கரைச் சிற்றூர். ஆனால் தெற்கே கோட்டக்குப்பத்தைக் கடந்தால் புதுச்சேரி. வடக்கே சற்றுத் தூரம் சென்றால் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. நடுவில் நாங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறோம். காய்கறி வாங்கச் செல்வோர்க்கு இந்த எல்லை ஒரு பொருட்டன்று. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோர்க்கோ அது பெரிய மதில். மத்திய அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். ஆனால் உதவித்தொகை அப்படியன்று. அது அந்தந்த அரசின் பகுதியில் குடியிருப்போர்க்கே. அரசுப் பள்ளியை நாடி வரும் சிறப்புப் பயிற்றுநரும் எங்களுக்கு வானூர் வட்டார வள மையத்திலிருந்துதான் வரவேண்டும். வாடகை வீடு பார்க்கும்போது, அது எல்லைக்கு எப்புறம் உள்ளது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களே அலுவலகங்களில் காத்திருந்து கற்றோம்.

உறவினர் அனைவரும் ஒரே குரலில், ‘சென்னைக்குப் போய்விடுங்கள், அங்கேதான் எல்லாம் இருக்கிறது’ என்றனர். அதில் உண்மையில்லாமல் இல்லை. இன்று வித்யாசாகர் எனப்படும் நிறுவனம் 1985 முதலே சென்னையில் பணியாற்றிவருகிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2005இல் அமைந்தது. அதுவும் எங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. எனினும் நாங்கள் கணக்கிட்டோம். எங்களுள் ஒருவருக்குப் புதுச்சேரியில் வேலை. சென்னை என்றால் ஒருவர் இங்கே, மற்றவர் பிள்ளையோடு அங்கே ஓர் அறை வீட்டில். பாட்டியும் தாய்மாமனும் இங்கேயே தங்குவர். வாரத்திற்கு மூன்று முறை, முக்கால் மணி நேரம் வீதம் பயிற்சி. எஞ்சிய நேரமெல்லாம் அறிமுகமில்லாத தெருவில் களைத்துப்போன ஒருவரோடு அந்தப் பிள்ளை. மதிப்பீட்டிற்கும் பெற்றோர் பயிற்சிக்கும் பேருந்தேறிப் போய்வரலாம். அதற்காக அங்கே குடியிருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

அருகிலேயே இருப்பவற்றைப் பார்த்தோம். புதுச்சேரியில் சத்யா சிறப்புப் பள்ளி 2003 முதல் இயங்கிவருகிறது. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உண்டு. வேறு சில பள்ளிகளுக்கும் சென்றோம். ஒன்றில் வாயிற்கதவோடு எங்களைத் திருப்பியனுப்பினர். அதன் பெயர் இங்கே வேண்டாம். கட்டடத்தையும் வண்ணப் பொம்மைகளையும் நாங்கள் பார்க்கவில்லை. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழும்போது ஆசிரியை என்ன செய்கிறார் என்று பார்த்தோம். அதட்டுகிறாரா, அல்லது ஓசை எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறாரா? பெற்றோர் உள்ளே அமர்ந்து கவனிக்க இசைகின்றனரா? பேசாத பிள்ளை தண்ணீர் வேண்டுமெனத் தெரிவிக்கப் படமோ சைகையோ கற்பிக்கப்படுகிறதா? சட்டைப் பொத்தான் போடவும், கழிப்பறைக்குத் தானே சென்றுவரவும் பயிற்றுகின்றனரா? முற்றிலும் குணமாக்கிவிடுவோம் என்று உறுதி கூறிய இடங்களுக்கு மறுமுறை செல்லவில்லை. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. பொறுமையான பயிற்சியால் பிள்ளை கற்றுக்கொள்வது மிக உண்டு.

சாதாரணப் பள்ளியையும் விட்டுவிடலாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்ற பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் தேர்ந்த சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறும் உரிமையுடையது. இந்த வரியைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தலைமையாசிரியர்களைக் கண்டோம். எல்லா இடத்திலும் அதை எடுக்க நேரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

எங்களை மிகவும் உறங்கவிடாதது பள்ளியன்று, கடல். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர்க்கு நீரின்மேல் தீராத நாட்டம். வீட்டைவிட்டு நழுவிச் செல்லும் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் எச்சரித்துள்ளன. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களில் எழுந்தபின் வடபுறக் கரை அரிக்கப்பட்டு, கடல் எங்கள் பக்கத்துக் குப்பங்களின் வாசலுக்கே வந்துவிட்டது. எங்கள் பழைய வீட்டிலிருந்து அவன் ஓட்டத்திற்கு இரண்டு நிமிடம். ஆகவே ஊரைவிட்டே போய்விடலாம் என்று முடிவெடுக்கும் நிலைக்கு வந்தோம். அப்போது பாட்டிதான் ஒன்றைக் கேட்டார்: ‘கடல் இல்லாத ஊரில் கிணறும் சாலையும் இல்லையா? அங்கே இவனை யாருக்குத் தெரியும்?’

உண்மைதான். கரையில் வலை பழுதுபார்ப்போர் அனைவரும் அவனை அறிவர். இருமுறை அவன் தனியே சென்றபோது, கூச்சலிடாமல், அவன் விரும்பும் பேருந்து எண்ணைச் சொல்லியே கையைப் பிடித்து வீடு சேர்த்தனர். எந்தச் சிறப்புப் பள்ளியிலும் இது கற்பிக்கப்படவில்லை; பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் பள்ளி முடிந்துவிடும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு சட்டமுறைக் காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் எங்களுக்குப் பின் அவனோடு அமர்ந்து உண்ணும் மனிதர் யார் என்பதைச் சட்டம் நியமிக்க இயலாது.

இறுதியில் ஊர் மாறவில்லை, தெரு மாறினோம். புது வீட்டிற்குச் சுற்றுச்சுவர் உண்டு; வாயிற்கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாளும் பொருத்தினோம். தாய்மாமன் ஞாயிறு மாலைகளில் பம்புசெட்டுத் தொட்டியில் அவனுக்கு நீச்சல் கற்பிக்கிறார். வாரத்தில் மூன்று நாள் புதுச்சேரியில் சிறப்புப் பள்ளி. இரண்டு நாள் உள்ளூர்த் தொடக்கப் பள்ளி. மறைக்கல்வி வகுப்பிலும், மின்விசிறியின் ஓசை எட்டாத மூலையில் அவனுக்கோர் இடம் கொடுத்துள்ளனர்.

டில்லியில் ஆட்டிசத்திற்கான முதன்மை அமைப்புகளுள் ஒன்றை 1991இல் தொடங்கிய மெர்ரி பரூவாவும் இத்தகைய மகனின் தாயே. பெரிய நகரங்களில் இன்று நாம் காணும் வசதிகள் பல, பெற்றோர் நாலுபேர் கூடியதால் வந்தவை. இங்கே நாங்கள் இன்னும் மூன்று குடும்பங்கள்தாம். கோட்டக்குப்பத்துப் பிள்ளை ஒருத்தியும் சின்னமுதலியார்சாவடிச் சிறுவன் ஒருவனும் எங்கள் மகனோடு ஒரே ஆட்டோவில் பள்ளிக்குச் செல்கின்றனர். கட்டணத்தை மூன்றாகப் பகிர்ந்துகொள்கிறோம். ஆட்டோக்காரர் எந்நாளும் ஒரே வழியில்தான் செல்கிறார். வழி மாறினால் மூவரும் அழுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.