ஆச்சியின் கைப்பிடி எத்தனை கிராம்?

உங்க பாட்டிகிட்ட எப்பவாச்சும் ரெசிபி கேட்டுப் பார்த்திருக்கீங்களா பாஸ்? ‘கொஞ்சம் பருப்பு, ஒரு கை தேங்காய், பதம் வந்ததும் இறக்கு’ன்னு மூணே வரியில முடிச்சிடுவாங்க. லேப் ரெக்கார்டுல இப்படி எழுதினா இன்டர்னல் மார்க் காலி!

எங்க திருநெல்வேலிப் பக்கம் சொதி ரொம்ப ஃபேமஸ். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துன்னா அதுதான் ஹீரோ. பத்து வயசுல, ஆச்சிக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கிற அசிஸ்டென்ட்டா சேர்ந்தேன். தேங்காயை மூணு தடவை பிழிஞ்சு பால் எடுக்கணும். ரெண்டாம் பால், மூணாம் பாலில் கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேகும். வெந்த பாசிப்பருப்பும், அரைச்ச இஞ்சி, பச்சைமிளகாயும் அதோட சேரும். கெட்டியான முதல் பால் கடைசியிலதான். அதைக் கொதிக்க விட்டா திரிஞ்சிடும். ஓரத்துல லேசா நுரை கட்டினதும் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழியணும். தொட்டுக்க இஞ்சித் துவையல்... ஆஹா!

இன்ஜினீயரிங் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு விபரீத ஆசை. ஆச்சி அள்ளுற பருப்பை கிச்சன் தராசுல எடை போட்டேன். நாலு தடவை அள்ளினாங்க. நாலு தடவையும் 40 கிராமை ஒட்டியே வந்துச்சு! நான் அள்ளினா 60. ஆக, ‘ரெண்டு கைப்பிடி’ங்கிறது ஆச்சி கைக்கு மட்டுமே செல்லுற அளவு. அந்தக் கையை விட்டுட்டு ரெசிபியை மட்டும் வாங்கிக்கிறது, யூனிட் எழுதாத விடை மாதிரி.

போன வருஷத்துலேர்ந்து அந்தக் கை நடுங்குது. சூடான சட்டியைத் தொட நாங்க விடறதில்லை. அம்மாவுக்கு ஆபீஸ், சித்தி வெளியூர். எங்க வீட்டுல சொதி வைக்கத் தெரிஞ்ச அடுத்த ஆள் நான்தான். நான் அடுப்புப் பக்கம் நிக்க, ஆச்சி வாசல்ல சேர் போட்டு உட்கார்ந்திருக்காங்க. எட்டிக்கூடப் பார்க்காம அங்கேர்ந்தே குரல் வருது... “ஏலே, வாசம் வந்துட்டுல்லா, எறக்குலே!”

கிராம் கணக்கெல்லாம் நோட்டுல ஏறிடுச்சு. அந்த வாசம் மட்டும் ஏற மாட்டேங்குது. இப்போ அஞ்சு தடவைக்கு மூணு தடவை, ஆச்சி சொல்றதுக்கு முன்னாடியே இறக்கிடறேன். மிச்ச ரெண்டுக்கும் அவங்க வேணும்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? போன்ல ரெசிபி கேட்கிறதை விட்டுட்டு, நேரா அடுப்படிக்குப் போய் நில்லுங்க. முதல் நாள் தேங்காய்தான் துருவச் சொல்வாங்க. துருவுங்க பாஸ்!