உடம்படுமெய்

என் எழுதுமேசையின் இழுப்பறையில், சிவப்பு மைப் பேனாக்களுக்கும் பழைய தேர்வுத்தாள் கட்டுக்கும் நடுவே, கட்டைவிரல் நீளமுள்ள உலோகத்துண்டு ஒன்று கிடக்கிறது. ஒரு முனையில் துளை. மறுமுனையில் பொன்முலாம் பூசிய செருகுமுனை. விற்றவர் அதனை அடாப்டர் என்றார். பணி ஓய்வுக்குப் பின்னும் என் வீட்டுக்கு வந்து இலக்கணம் படிக்கும் பிள்ளைகள் மூவரிடம் ஒருநாள் அதைக் காட்டி, “இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?” என்று கேட்டேன். ஒருவன் இணைப்பி என்றான். மற்றவன் பொருத்தி என்றான். அதுவரை வாய் திறவாமல் இருந்த மாணவி, “உடம்படுமெய் ஐயா” என்றாள்.

அந்த விடை எனக்குப் பெரிதும் பிடித்துப்போயிற்று. உயிரும் உயிரும் நேருக்கு நேர் புணர மாட்டா. மணியும் ஓசையும் சேர வேண்டுமானால் இடையில் யகரம் வேண்டும். பலாவும் இலையும் சேர வேண்டுமானால் வகரம் வேண்டும். மாற்றிப் போட்டு ‘மணிவோசை’ என்று எழுதினாலும் நாக்கு அதைச் சொல்லத்தான் செய்யும். ஆனால் பிழை பிழைதான். மாணவன் செய்யும் அந்தப் பிழைக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு விட்டுவிடுகிறோம். ஆசிரியனாகிய நான் இந்த உலோகத்துண்டைக் கொண்டு செய்த பிழை அவ்வளவு மலிவாக முடியவில்லை.

பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் பணிபுரியும் என் மகன், நான் ஓய்வு பெற்றபோது ஓர் இசைப் பிளேயரை அன்பளிப்பாகத் தந்தான். சட்டைப் பைக்குள் அடங்குவது. செங்கல்லின் சிறு துண்டைப் போலக் கனப்பது. அதன் தலையில் இரண்டு துளைகள் இருந்தன. 1979-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட முதல் வாக்மேனிலும் இரண்டு துளைகள் இருந்தன என்பதை நான் அறிவேன். அவை இருவர் சேர்ந்து ஒரே பாட்டைக் கேட்பதற்காக அமைந்தவை. அந்த நினைவில், “அம்மாவும் நானும் கேட்கவா?” என்றேன். மகன் சிரித்தான். “இல்லைப்பா. சின்னது சாதாரண 3.5 மில்லிமீட்டர். பெரியது 4.4, சமநிலை வெளியீடு” என்றான். கூடவே 4.4 முனை கொண்ட சிறிய இயர்போன் ஒன்றும், அதனை மடிக்கணினியின் சாதாரணத் துளையில் செருகுவதற்கு ஓர் அடாப்டரும் தந்தான்.

சமநிலை வெளியீடு என்றால் என்ன? எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். சாதாரணச் செருகுமுனையில் மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடக்காதுக்கு, நடுவளையம் வலக்காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. ஒவ்வொரு காதுக்கும் மின்னோட்டம் தனித்தனிக் கம்பியில் போகிறது. திரும்பும்போது ஒரே வழியில் திரும்புகிறது. கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கோலாலம்பூரில் கலப்பதை மஸ்ஜித் ஜாமேக் அருகே நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கலந்த பிறகு எந்தத் துளி எந்த ஆற்றினது என்று பிரிக்க முடியாது. இடப்பக்க ஒலியின் சிறு சாயல் வலப்பக்கத்தில் கசிவதற்குப் பொதுவழி ஒரு காரணமாகிறது.

சமநிலை அமைப்பில் ஆறுகள் கலப்பதே இல்லை. இடக்காதுக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, வலக்காதுக்கும் அவ்வாறே. அதுமட்டுமன்று, வரும் கம்பி வெறும் வடிகால் அன்று. அதன் கோடியிலும் ஒரு பெருக்கி இருந்து வேலை செய்கிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். எங்கள் தோட்டத்தில் முதிர்ந்த ரப்பர் மரங்களை இருவர் எதிரெதிரே நின்று நீண்ட வாளால் அறுப்பார்கள், அதே வேலைதான். இதனால் மின்னழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஒலி 6 டெசிபல் வரை உயர்கிறது. இதற்கெனக் கையடக்கக் கருவிகளில் முதலில் 2.5 மில்லிமீட்டர் முனை பரவிற்று. 2014-இல் வந்த அஸ்டெல் அண்ட் கெர்ன் ஏகே 240 அத்தகையது. அது மெல்லியது, முறியக்கூடியது. பின்னர் ஜப்பானியர் ஐந்து பகுதிகள் கொண்ட 4.4 முனையை வகுத்தனர். 2016-இல் சோனியின் உயர்தர வாக்மேன்கள் அதனை ஏற்றன. நான்கு பகுதிகள் ஒலிக்கு, ஐந்தாவது நிலமுனை.

இவ்வளவும் நான் பிறகு கற்றவை. முதலிலேயே கற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

எங்கள் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. 1983-இல் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, அவர் எனக்கு ஒரு கேசட்டில் பேசி அனுப்பினார். அக்காதான் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து, பொத்தானை அழுத்திப் பதிவு செய்தார். பதினோரு நிமிடம். ஆட்டுக்குட்டி ஈன்றது, மண்டோர் மகளுக்குப் பரிசம் போட்டது, நான் மழையில் நனையக் கூடாது என்பது: இவ்வளவே செய்தி. மூன்று ஆண்டுகளில் அம்மா மறைந்தார். அவர் குரல் அந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லை. நாடா பூஞ்சணம் பிடிக்கும் முன் மகன் அதனைக் கணினியில் ஏற்றிக் கோப்பாக்கிப் பிளேயரிலும் போட்டுத் தந்தான்.

அக்காவுக்கு இப்போது எழுபது வயது. தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை இயந்திரங்களின் இரைச்சலில் பல்லாண்டு நின்றவர். செவிகள் மிகவும் மங்கிவிட்டன. மருத்துவமனையில் தந்த செவித்துணைக் கருவி விசிலடிக்கிறது என்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அம்மாவின் குரலைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன்; உதட்டைப் பிதுக்கினார். இயர்போனைக் காதுக்குள் நுழைக்க விடவில்லை. மகன் விட்டுச் சென்ற பெரிய ஹெட்போன், காதை முழுதும் மூடும் மெத்தை வைத்தது, அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது 300 ஓம் மின்தடை கொண்டது. சாதாரணத் துளையில் எவ்வளவு கூட்டினாலும், “யாரோ பேசற மாதிரி இருக்கு, தம்பி. அம்மான்னு தெரியல” என்றார்.

அந்தச் சொல் என்னை உறுத்திற்று. பெரிய துளையில் ஒலி கூடும் என்று மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஹெட்போனின் முனையோ 3.5. இயர்போனின் 4.4 முனையைச் சின்னத் துளையில் பொருத்த ஓர் அடாப்டர் ஏற்கெனவே என்னிடம் இருந்தது; நன்றாக வேலை செய்தது. ஏறிய படியில் இறங்க முடியாதா என்ன? அதன் மறுதலையைத் தேடிச் சென்றேன். கோலாலம்பூரில் ஓர் அடுக்கங்காடிக் கடையில் கிடைத்தது. கேள்வி ஏதும் கேட்காமல் கடைக்காரர் விற்றார். கேள்வி ஏதும் கேட்காமல் நான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து செருகினேன். கச்சிதமாகப் பொருந்திற்று. அக்காவிடம் கொடுக்குமுன் சோதித்துப் பார்ப்போம் என்று, வாத்தியக் கருவிகள் நிறைந்த ஒரு திரைப்பாடலைப் போட்டு ஒலியைக் கூட்டினேன். சில நொடிகள் பாடிற்று. பிறகு கரகரப்பு, பிறகு வலப்பக்கம் ஓய்ந்தது. பிளேயரின் உடல் கையில் சுட்டது. அணைத்துப் போட்டேன்; பெரிய துளையின் வலப்பக்கம் உயிர் பெறவே இல்லை.

அன்றிரவு மகன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். கோபிக்கவில்லை, அதுவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நான்கு கம்பிகளை உடைய ஹெட்போனை மூன்று பகுதித் துளையில் செருகும் அடாப்டர், இரண்டு திரும்பு கம்பிகளையும் ஒன்றாக முடிந்து பொதுவழியில் விடுகிறது. ஆறுகளைக் கலந்து விடுவதில் தீங்கில்லை. நான் வாங்கியது அதன் மறுதலை. ஹெட்போனின் கம்பியில் இரண்டு திரும்பு வழிகளும் முன்னரே கலந்துவிட்டன. அந்த ஒற்றை முடிச்சை என் அடாப்டர் கொண்டுபோய், வெவ்வேறாக இயங்க வேண்டிய இரண்டு பெருக்கிகளின் வாயிலும் சேர்த்துக் கட்டிவிட்டது. இடப்பெருக்கி ஒன்றைச் சொல்ல, வலப்பெருக்கி வேறொன்றைச் சொல்ல, நடுவில் தடை ஏதும் இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. சில பிளேயர்களில் காப்புச் சுற்று இருந்து தடுத்துவிடும். என்னுடையது தடுக்கவில்லை.

“அப்பா, நீங்க பாட்டியோட குரலையே முதல்ல போட்டிருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கும்” என்றான். அந்த டேப் ரெக்கார்டருக்கு ஒரே ஒலிவாங்கி. இடமும் வலமும் ஒன்றே. இரண்டு பெருக்கிகளும் ஒன்றையே சொல்லும்போது முட்டிக்கொள்ளக் காரணம் இல்லை. முன்யோசனையோடு சோதித்துப் பார்த்ததுதான் கெடுத்தது! நான் சிரித்தேன், ஆனால் தூக்கம் வரவில்லை. கோப்பு அட்டையில் பத்திரமாக இருக்கிறது, கணினியிலும் இருக்கிறது என்று அவன் சொன்ன பிறகும், எழுந்துபோய் ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

இரண்டு திரும்பு முனைகளையும் தொடாமல் விட்டு, ஐந்தாம் பகுதியாகிய நிலமுனையைப் பயன்படுத்தும் அடாப்டர்களும் உண்டாம். நிலமுனை இணைக்கப்பட்ட பிளேயர்களில் அவை தீங்கு செய்யா. ஆனால் வாளின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து அறுப்பது போலத்தான். கூடுதல் ஒலி கிடைக்காது. வெளித்தோற்றத்தில் இதற்கும் என்னுடையதற்கும் வேறுபாடு தெரியாது என்பதே கொடுமை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சமநிலை வெளியீட்டில் இசையே வேறாகிவிடுகிறது என்று புகழ்வோர் பலர். பழுதுபார்க்கச் சென்ற பிளேயர் திரும்பியதும் நானே சோதித்தேன். பெரிய துளையில் கேட்டபோது முதலில் வியந்தேன். பிறகு இரண்டு துளைகளின் ஒலியளவையும் ஏறத்தாழச் சமமாக்கி, எது எது என்று தெரியாதபடி மனைவியை மாற்றிச் செருகச் சொல்லிக் கேட்டேன். பத்தில் பாதியைத்தான் சரியாகச் சொன்னேன். ஓங்கி ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகக் காதுக்குத் தோன்றுகிறது. நான் கேட்டவரை, மின்தடை மிகுந்த ஹெட்போனுக்குக் கிடைக்கும் வலிமையே உறுதியான பயன். அக்காவுக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றே.

நல்லவேளையாக, அந்தப் பெரிய ஹெட்போனில் கம்பி இரண்டு கிண்ணங்களுக்கும் தனித்தனியே போகிறது, கழற்றவும் முடியும். பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, நான்கு இழைகளும் கலவாமல் 4.4 முனையில் முடியும் புதுக் கம்பியை மகன் மாட்டினான். அடாப்டரே தேவைப்படவில்லை.

அக்காவின் செவி மருத்துவரிடம் கேட்டேன். அளவோடு கூட்டுங்கள், சில நிமிடம் போதும் என்றார். வயது வந்தவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டே நடமாடுவதைக் காணும்போதெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காவை நாற்காலியில் அமர்த்தி ஹெட்போனை மாட்டினேன். சத்தத்தைக் கீழிருந்து மெல்ல மெல்ல ஏற்றினேன். முதல் நிமிடத்தில் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஆட்டுக்குட்டி வந்த இடமாக இருக்க வேண்டும். உதடுகள் கூடவே அசைந்தன.

ஏழாம் நிமிடத்தில் ஒரு ‘டக்’ ஓசை உண்டு. சற்று வெறுமை, மீண்டும் ‘டக்’. பிறகு அம்மா மழையைப் பற்றித் தொடங்குவார். நாடாவில் ஏற்பட்ட கோளாறு என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். கோப்பாக்கும்போது அதை வெட்டிவிடலாமா என்று மகன் கேட்டதற்கு, உன் விருப்பம் என்றுகூடச் சொன்னேன். அவன்தான் வெட்டாமல் விட்டான்.

அந்த இடம் வந்ததும் அக்கா ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

“இங்கதான் அம்மா அழுதிருச்சு. புள்ளைக்கு அழுகச் சத்தம் போவக் கூடாது, நிறுத்துன்னுச்சு. நிறுத்துனேன். மூஞ்சி கழுவிட்டு வந்து மறுபடி பேசுச்சு.”

நான் ஒன்றும் பேசவில்லை. அக்கா ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு, “கொஞ்சம் பின்னாடி தள்ளு, தம்பி” என்றார்.