சேற்று நிலத்தில் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்வோர் அங்கே காணத்தக்கவை யாவை என வினவினால், காலிமுகத்திடல், நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை என எவரும் ஒரு வரிசையை ஒப்புவிப்பர். சேற்றைப் பார்த்து வாருங்கள் என்பார் ஒருவருமிலர். ஆயினும், சென்ற விடுமுறையின்போது எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவருடன் நாம் கொழும்பிலே கண்டுவந்தது சேற்றைத்தான்.

எம்மிடம் முன்பு கற்ற இளைஞர் ஒருவர் இப்பொழுது ஈரநிலங்களையும் மண்ணின் மாசையும் ஆராயும் குழுவொன்றிலே பணியாற்றுகின்றார். "வகுப்பறையில் இரண்டு மாதம் படிப்பதை இங்கே ஒரு காலையிற் காட்டுகிறேன், சேர்" என்று அவர் எழுதியிருந்தார். அவ்வழைப்பை ஏற்றே சென்றோம்.

கோட்டை இராசதானி இருந்த பகுதியில், பாராளுமன்றத்துக்கு அண்மையில், பெத்தகான என்னும் இடத்திலே ஓர் ஈரநிலப் பூங்கா உண்டு. நாம் சென்ற வேளையில் கதிரவன் அப்பொழுதுதான் மரங்களுக்கு மேலே எழுந்துகொண்டிருந்தான். மரப்பலகைகளால் அமைந்த நடைபாதையின் இருமருங்கும் சம்பும் கோரையும் அடர்ந்திருந்தன. நீர்க்காகமொன்று சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. கபரகொய்யா ஒன்று எம்மைப் பொருட்படுத்தாது நீந்திச் சென்றது. மீன்பிடிப் பூனை என்னும் அரிய விலங்கும் இத்தலைநகரின் சதுப்புகளிலே இரவில் உலாவுவதுண்டாம். நகரத்தின் இரைச்சல் எங்கோ தொலைவிற் கேட்டது.

கோட்டை என்றதும் யாழ்ப்பாணத்தாருக்குச் செண்பகப்பெருமாளின் நினைவு எழாதிராது. 15ஆம் நூற்றாண்டிலே ஆறாம் பராக்கிரமபாகுவின் ஆணையை மேற்கொண்டு அவ்வீரன் வடக்கு நோக்கிப் படைநடத்தியது இவ்விராசதானியின் பொருட்டே. அந்நாளில் தலைநகரைச் சூழ்ந்திருந்த இச்சதுப்பு நிலங்களே அதற்கு அகழியாய் விளங்கின. பகைவரின் கால் புதையும் சேற்றை மதிலினும் வலிய காவலாக அரசர் மதித்தனர். பின்வந்த நாமோ அதனைப் பயனற்ற நிலமென்று எண்ணி, மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டினோம். எஞ்சிய இடத்தில் குப்பை கொட்டினோம்.

அதன் விளைவு வெளிப்படாமற் போகவில்லை. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே பெய்த பெருமழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்துள் அகப்பட்டது. மழைநீரைத் தன்னுள் வாங்கி, மெல்ல மெல்ல வெளிவிடுவது சதுப்பின் தொழில். அதன் இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், நீர் எமது இடத்தை எடுத்துக்கொள்கின்றது. இவ்வுண்மை உணரப்பட்டபின் எஞ்சிய ஈரநிலங்களைப் பேணும் முயற்சி வலுப்பெற்றது. 2018ஆம் ஆண்டில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமென முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று.

ஆராய்ச்சியாளர் முழங்கால்வரை சேற்றில் இறங்கி நின்றனர். ஒருவர் நீரிலே கருவியொன்றை அமிழ்த்தி, அமிலத்தன்மையையும் கரைந்துள்ள ஒட்சிசனின் அளவையும் குறித்துக்கொண்டார். எமது பழைய மாணவர் நீண்ட குழாயொன்றைச் சேற்றுள் ஊன்றி, முறுக்கி, மெல்ல வெளியே எடுத்தார். உள்ளிருந்த மண் மையைப்போற் கறுத்திருந்தது. அழுகிய முட்டையின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மாணவர் பலரும் முகத்தைச் சுளித்தனர். எம்மூரவனான மாணவன் ஒருவன் மாத்திரம், "சேர், எங்கள் குளத்தடியிலும் இந்த மணந்தானே!" என்றான். நாம் மறுமொழி கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர் கூறுவோம்.

அந்நாற்றமே இச்சேற்றின் பெருமை என்றார் எமது பழைய மாணவர். நீரின் கீழுள்ள சேற்றிலே ஒட்சிசன் மிக அரிது. ஆகவே அங்கு வாழும் பற்றீரியாக்கள் வேறு பொருள்களைக்கொண்டு உயிர்வாழ்கின்றன. சில, கழிவுநீரில் வரும் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடுகின்றன. வேறு சில, சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றுகின்றன. நாற்றம் அதனால் வருவதே. ஈயம், கட்மியம், செம்பு முதலிய உலோகங்கள் இச்சல்பைட்டோடு கூடி, நீரிற் கரையாத பொருள்களாகிச் சேற்றிலே தங்கிவிடுகின்றன. சம்பு போன்ற தாவரங்கள் தம் வேர்வழியே சிறிது ஒட்சிசனைக் கீழே செலுத்தி, வேறுவகைப் பற்றீரியாக்களையும் வாழவைக்கின்றன. நகரம் உமிழ்ந்த நஞ்சை இந்நிலம் தன் கண்டத்தில் அடக்கி வைத்திருக்கின்றது என்று கேட்டபோது, ஆலமுண்ட நீலகண்டனின் நினைவே எமக்கு வந்தது.

நண்பகலின் பின், சில கிலோமீற்றர் வடக்கேயுள்ள மீதொட்டமுல்லைக்குச் சென்று, வீதியோரத்தில் நின்று நோக்கினோம். அங்கேயும் ஒருகாலத்திலே சதுப்பும் வயலுமே இருந்தன. அவற்றின்மேல் ஆண்டுக்கணக்காகக் கொழும்பின் குப்பை மலையெனக் குவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று பிற்பகலில் அம்மலை சரிந்தது. கொண்டாட்டத்துக்காக வீடுகளிற் கூடியிருந்தோருள் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று அங்கே குப்பை கொட்டப்படுவதில்லை. மேட்டின்மீது புல் முளைத்திருக்கின்றது. மாணவர் பேச்சற்று நின்றனர்.

"இக்குப்பையையும் நஞ்சேறிய மண்ணையும் தோண்டி அப்புறப்படுத்தினால் என்ன?" என்று ஒரு மாணவன் வினவினான். எமது பழைய மாணவர் தலையசைத்தார். "எங்கே கொண்டுபோய்ப் போடுவது, தம்பி? அதுவும் ஒருவருடைய ஊராகத்தானே இருக்கும்" என்றார். மேலும், நீரின் கீழ் அடங்கிக்கிடக்கும் சேற்றைக் கிளறினாலோ, வற்றவிட்டு உலரவைத்தாலோ காற்று உட்புகும்; சல்பைட்டு அமிலமாக மாறும்; பிணிக்கப்பட்டிருந்த உலோகங்கள் விடுபட்டு மீண்டும் நீரோடு ஓடும். ஆகையால் மருத்துவமும் மெல்லவே நிகழவேண்டும். முதலாவது, புதிய கழிவு வராது தடுத்தல். இரண்டாவது, குப்பை மேட்டைக் களிமண்ணால் மூடி, அதிலிருந்து கசியும் கரிய நீரைச் சேர்த்துச் சுத்திகரித்தல். அதன்பின்பே தாவரங்களின் உதவி.

தாவரங்கள் உதவுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆகாயத்தாமரையின் வேர் உலோகங்களை நன்கு உறிஞ்சும். ஆனால் அதுவே நீர்நிலைகளை அடைத்துவிடும் களை. அதனை ஒழிப்பதற்காக 1909ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் கட்டளைச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. உறிஞ்சிய செடியை அறுத்து அகற்றாமல் அழுகவிட்டால், நஞ்சு மீண்டும் சேற்றையே அடையும். அறுத்ததையும் எருவாக்கலாகாது, மாட்டுக்கும் போடலாகாது. மண்ணைக் கெடுக்க ஒரு லொறி போதும். அதைத் திருத்த ஒரு தலைமுறை வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இனி, நாம் மறுமொழி கூறாதிருந்த காரணத்தைச் சொல்லவேண்டும். எமது ஊரில் ஒரு சிறு குளம் உண்டு. மாரியிலே நிறையும்; கோடையிலே வெடித்துக் கிடக்கும். அதன் ஒரு மூலையிற் கடைத்தெருக் குப்பை சேர்ந்துவருகின்றது. அதனை முற்றாகத் தூர்த்து விளையாட்டிடம் ஆக்கலாமென்று சனசமூக நிலையக் கூட்டத்திலே யோசனை வந்தபோது, கையுயர்த்தியவருள் நாமும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. குளத்திலே தேங்கும் மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கியே எமது கிணறுகளுக்கு நீராகின்றது. குளத்தை மூடினால் அவ்வழி அடைபடும். குப்பையால் மூடினாலோ, அதன் சாறும் அதே வழியாக இறங்கும். இதனை நாம் அறியாதவரல்லேம். ஆயினும் கையை உயர்த்தினோம்.

இரவுப் புகையிரதத்தில் திரும்பும்போது எம்மூர் மாணவன் அருகில் வந்தமர்ந்தான். "அடுத்த கூட்டம் எப்பொழுது, சேர்?" என்று மாத்திரம் கேட்டான். வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை என்றோம். அன்று முன்வரிசையில் எழுந்து நின்று, முன்பு சொன்னது தவறென்று சொல்லவேண்டியிருக்கின்றது. சபையிலே அவ்வாறு சொல்வது ஓர் ஆசிரியருக்கு எளிதன்று. ஆனால் அவனும் அங்கே வருவான்.