அக்காவின் மௌஸும் எங்கட கறுப்புத் திரையும்

எங்கட ஊர் வாசிகசாலையில் ஒரு பழைய கொம்பியூட்டர் கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ வாங்கிக் கொடுத்தது. ரண்டு ஜிபி ரம். பிரவுசரைத் திறந்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் அது முழுசாய்த் திறந்திருக்காது. அந்தக் கொம்பியூட்டரில் வாசிகசாலைப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் செய்து தருவதாக நாங்கள் மூன்று பேர் போன வருசம் வாக்குக் கொடுத்தோம்.

மூன்று பேரும் கலைப்பீடம். ஒருவர் தமிழ், ஒருவர் வரலாறு, ஒருவர் புவியியல். "ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைஞ்சு கிடந்தபோது பைதன் கொஞ்சம் படிச்சோம், அவ்வளவுதான். படிச்சதை வைச்சு ஏதாவது செய்து பார்க்க ஆசை.

பிரவுசர் சரிவராது என்பதால் டெர்மினலில் ஓடுகிற நிரலாய் எழுதினோம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் ஒன்றும் இல்லை. நிரலைத் தொடக்கினால் கண் மூடித் திறக்கமுதல் பட்டியல் வந்து நிற்கும். எங்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. எல்லாமே கீபோட்டில். கொன்ட்ரோலும் என்னும் சேர்த்து அமத்தினால் புதுப் புத்தகம், கொன்ட்ரோலும் எஃபும் சேர்த்து அமத்தினால் தேடல். மௌஸைத் தொடுகிறவர்களை மனசுக்குள் கொஞ்சம் இளக்காரமாய்ப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு அப்போதே வந்துவிட்டது.

வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறது ஒரு அக்கா. அவவுக்கு இடக்கை இல்லை. 2009இல் போனது. வலக்கையிலும் இரண்டு விரல் முழுசாய் மடங்காது. அதைப் பற்றி அவ கதைக்கிறதில்லை, நாங்களும் கேட்கிறதில்லை. கேட்காமல் விட்டதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நிரல் எழுதும்போதும் அப்படியே கேட்காமல் விட்டுவிட்டோம்.

கொண்டுபோய்க் காட்டின அன்று அக்கா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரண்டு கட்டையை ஒண்டாய் அமத்திறது எனக்குச் சரிவராது தம்பியவை. மௌஸ் வேலை செய்யாதோ?" என்று கேட்டா.

"கறுப்புத் திரையில மௌஸ் வேலை செய்யாது அக்கா."

இதை எங்களில் ஒருவர் சொல்ல மற்ற இரண்டு பேரும் தலையாட்டினோம். அக்காவும் "ஓம், அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன்ர பழைய கொப்பியை எடுத்து வைச்சு எழுதத் தொடங்கினா.

நாங்கள் சொன்னது பிழை. அதே கொம்பியூட்டரில் மிட்நைட் கொமாண்டர் என்று ஒரு நிரல் இருந்தது. 1994இல் மிகுவேல் டி இகாசா தொடங்கினது. கோப்புகளை நகர்த்துவதற்காக நாங்களே அதைப் பாவித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் கை தவறி அதில் மௌஸை அமத்த, அமத்தின கோப்புக்கு வெளிச்சக்கோடு தாவிப் போனது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்காவுக்கு நாங்கள் சொன்னது ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் இருந்து படிச்சோம். படிச்சது இதுதான்.

டக்ளஸ் எங்கெல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மௌஸைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினது 1968 டிசம்பரில். பத்து வருசம் கழிச்சு 1978இல் வந்த விரி-100 என்ற டெர்மினலிலும் மௌஸ் இல்லை. ஒரு திரை, ஒரு கீபோட், எண்பது எழுத்து அகலம், இருபத்துநாலு வரி. இன்றைக்கு எங்கட திரையில் ஒரு ஜன்னலாய்த் திறக்கிற டெர்மினல் எல்லாம் அந்த மாதிரிப் பெட்டியாய் நடிக்கிற நிரல்கள். உள்ளே ஓடுகிற நிரலுக்குத் தெரிஞ்சதெல்லாம் வரிசையாய் வருகிற எழுத்துகள் மட்டும்தான். மௌஸுக்கென்று தனி வழி கிடையாது.

அதனால் மௌஸும் எழுத்தாய்த்தான் வர வேண்டும். நிரல் முதலில் டெர்மினலிடம் கேட்க வேண்டும்: எஸ்கேப் எழுத்தில் தொடங்கி 1000 என்ற எண்ணைக் கொண்ட ஒரு சின்னக் கட்டளையை அனுப்பினால், "இனிமேல் மௌஸை அமத்தினால் எனக்குச் சொல்லு" என்று அர்த்தம். அதன் பிறகு யாராவது அமத்தினால், டெர்மினல் ஒரு சின்ன எழுத்துத் தொடரை, யாரோ கீபோட்டில் தட்டினது போல நிரலுக்கு அனுப்பும். எந்தப் பொத்தான், எத்தனையாவது பத்தி, எத்தனையாவது வரி. 1002ஐக் கேட்டால் அமத்திப் பிடிச்சு இழுக்கிறதையும் சொல்லும். 1003ஐக் கேட்டால் சும்மா அசைக்கிறதைக்கூடச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பழைய முறையில் ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட்டுக்குள் அடங்க வேண்டும். கட்டுப்பாட்டு எழுத்துகளோடு குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றோடும் 32ஐக் கூட்டி அனுப்புவார்கள். ஒரு பைட்டின் உச்சம் 255. ஆகவே 223ஆவது பத்திக்கு அங்கால மௌஸை அமத்தினால் சரியான இடத்தைச் சொல்ல வழியில்லை. பொத்தானை விட்டதைச் சொல்லும், எந்தப் பொத்தானை விட்டது என்று சொல்லாது. பின்னால் வந்த 1006 என்ற முறையில் எண்களை எண்களாகவே எழுதி அனுப்புகிறார்கள். அதனால் அந்த எல்லை இல்லை, எந்தப் பொத்தானை விட்டது என்பதும் தெரியும்.

இவ்வளவையும் கையால் எழுதத் தேவையில்லை. பைதனோடேயே கேர்சஸ் என்ற தொகுதி வருகிறது. எந்த மௌஸ் நிகழ்வுகள் வேண்டும் என்று ஒரு வரியில் சொன்னால், அமத்தும்போது "மௌஸ் விசை" என்று ஒன்று வரும். உடனே விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் நாளே ஒரு பிழை விட்டோம். கேர்சஸில் எழுத்தைத் திரையில் போடும்போது வரியை முதலில் சொல்ல வேண்டும், பத்தியைப் பிறகு. மௌஸ் விவரத்தில் பத்தி முதலில் வரும், வரி பிறகு. நாங்கள் மாறிப் பிடிச்சதில், மூன்றாம் வரியை அமத்தினால் பதினேழாவது புத்தகம் திறந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

சரி பண்ணினோம். எங்கட மூன்று பேரின் கையிலும் நல்லாய் வேலை செய்தது. சனிக்கிழமை சந்தோசமாய் அக்காவிடம் கொண்டுபோனோம்.

அக்கா அமத்தினா. ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமத்தினா. இல்லை. நாங்கள் எட்டி அமத்தினோம், திறந்தது. அக்கா அமத்தினால் திறக்காது. "என்ர கை ராசி அப்பிடி" என்று சிரிச்சா. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று முதல்முறையாக, அக்கா எப்படி மௌஸை அமத்துகிறா என்று நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம். விரலை மெதுவாய் வைச்சு, கையின் பாரத்தைக் கொடுத்து அமத்தி, பிறகு மெதுவாய் எடுக்கிறா. எங்களுக்கு அது ஒரு தட்டு. அவவுக்கு அது மூன்று வேலை.

காரணம் அங்கேதான் இருந்தது. கேர்சஸுக்குப் பின்னால் ஓடுகிற என்கேர்சஸ், அமத்துவதற்கும் விடுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பார்க்கிறது. வழமையாய் அது ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள் அமத்தி விட்டால் "கிளிக்" என்று சொல்லும். நேரம் கூடினால் கிளிக் என்று சொல்லாது, "அமத்தினது" என்று ஒன்றும் "விட்டது" என்று ஒன்றுமாய் வேறு வேறாய்ச் சொல்லும். நாங்கள் கிளிக்கை மட்டும் எதிர்பார்த்து எழுதியிருந்தோம். அக்கா எங்கட நிரலுக்கு ஒருநாளும் கிளிக் பண்ணவில்லை, ஒவ்வொருமுறையும் அமத்தினா, விட்டா. நிரல் இரண்டையும் வாங்கிப் பேசாமல் இருந்தது.

திருத்தம் சின்னது. அந்த இடைவெளியைச் சுழியம் ஆக்கினோம். அப்போது நிரல் நேரத்தைப் பார்க்காது, அமத்தினதையும் விட்டதையும் அப்படியே தரும். அமத்தின வரியும் விட்ட வரியும் ஒன்றாய் இருந்தால் மட்டும் திறக்கச் சொன்னோம். கை வழுக்கிப் பிழையான வரியில் அமத்திவிட்டால், விடாமல் இழுத்து வேறு வரிக்குப் போய் விடலாம். ஒன்றும் நடக்காது.

அடுத்த சிக்கல் தமிழ். எங்களில் தமிழ் படிக்கிற ஆளுக்கு இது நல்ல வேடிக்கை. டெர்மினல் திரை கட்டம் கட்டமாய்ப் பிரிஞ்ச கொப்பி மாதிரி. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் "தி" என்பது கொம்பியூட்டருக்குத் தகரமும் ஒரு குறியும். "தீ"யும் அப்படித்தான். ஆனால் யூனிகோட்டில் அந்த இரண்டு குறிகளும் வேறு வேறு வகையில் போடப்பட்டிருக்கின்றன. எங்கட கொம்பியூட்டரின் கணக்கில் குறில் "தி"க்கு இரண்டு கட்டம், நெடில் "தீ"க்கு ஒரு கட்டம். மாத்திரைக் கணக்குத் தலைகீழ். இன்னொரு நிரல் வேறு மாதிரி எண்ணும். அதனால் தமிழ் வரி ஒன்றின் நடுவில் மௌஸை அமத்தினால், எந்த எழுத்தில் அமத்தினது என்று உறுதியாய்ச் சொல்ல ஏலாது. வரிக் கடைசியில் நாங்கள் வைச்சிருந்த "திருத்து", "அழி" பொத்தான்கள் புத்தகத் தலைப்பைப் பொறுத்து அங்கும் இங்கும் ஓடின. "திருத்து" என்று நினைச்சு அமத்தினது "அழி"யில் பட்டது.

கன நாள் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் கேள்வியை மாற்றினோம். எந்த எழுத்து என்று எங்களுக்கு எதற்கு? எந்த வரி என்று தெரிஞ்சால் போதும். வரியில் பிழை வராது, வரி வரிதான். பொத்தான்கள் எல்லாவற்றையும் இடப்பக்க ஓரத்துக்கு, தமிழ் தொடங்குமுதல், வெறும் குறிகளாய்க் கொண்டுவந்தோம். அங்கே கட்டக் கணக்குப் பிழைக்காது.

ஒரு கிழமை கழிச்சு அக்கா போன் எடுத்தா. "தம்பி, நிரல் நிண்டுட்டுது. இப்ப மௌஸை அமத்த அமத்த இலக்கமாய்க் கொட்டுது. ஏதும் உடைச்சுப்போட்டனோ தெரியேல்லை." குரலில் பயம் தெரிஞ்சது. அவ ஒன்றையும் உடைக்கவில்லை. நிரல் எங்கட பிழையால் இடையில் விழுந்திருக்கிறது. விழமுதல், மௌஸை இனிச் சொல்லத் தேவையில்லை என்று டெர்மினலுக்கு அறிவிக்கவில்லை. டெர்மினல் பாவம், சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருந்தது. கேட்க நிரல் இல்லாததால் அந்த இலக்கங்கள் திரையில் விழுந்தன. "ரீசெட்" என்று தட்டி என்டரை அமத்தச் சொன்னோம், சரியானது. முடிக்கிற கட்டளையை நிரலின் கடைசி வரியில் மட்டும் வைச்சிருந்ததுதான் எங்கட பிழை. இப்போது நிரல் எப்படி முடிஞ்சாலும், பிழைச்சு விழுந்தாலும், கட்டாயம் ஓடுகிற இடத்துக்கு அதை மாற்றியிருக்கிறோம். நீங்கள் இப்படி ஏதும் எழுதினால் இதை முதல் நாளே செய்யுங்கோ. பாவிக்கிற ஆள் தன்னில் பிழை என்று நினைக்க விடாதேங்கோ.

இன்னொன்றும் இருந்தது. மௌஸை நிரல் வாங்கிக்கொண்டால், திரையில் இருக்கிற சொல்லை இழுத்து நகல் எடுக்க ஏலாது. ஷிப்டைப் பிடிச்சுக்கொண்டு இழுத்தால் அநேகமான டெர்மினல்கள் விடும். அது இரண்டு கை உள்ளவர்களுக்கான வழி. ஸ்டிக்கி கீஸ் வசதியைப் போட்டுப் பார்த்தோம், தமிழ் தட்டுவதற்கு அது அக்காவுக்குப் பெரிய உதவி, ஆனால் இந்த இழுவைக்குச் சரிவரவில்லை. அதனால் "மௌஸை விடு" என்று மேலே ஒரு பொத்தான் வைச்சோம். அதை அமத்தினால் நிரல் மௌஸை மறந்துவிடும். வேண்டியதை நகல் எடுத்துவிட்டு ஏதாவது ஒரு கட்டையைத் தட்டினால் திரும்பி வரும்.

இதையெல்லாம் எழுதுகிறது நாங்கள் நல்ல பிள்ளைகள் என்று காட்டுவதற்கு இல்லை. "வேலை செய்யாது அக்கா" என்று சொன்ன அந்த நாளை நினைச்சால் இப்போதும் கூச்சமாய் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்த்துச் சொல்லுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அவ எங்களை நம்பினபடியால்தான் கொப்பிக்குத் திரும்பினா. வகுப்பில் அதிகாரம், விளிம்பு என்று பக்கம் பக்கமாய் எழுதுகிற எங்களுக்கு, ஆறில் ஒரு செக்கனுக்குள் ஒரு ஆளை வெளியில் விடலாம் என்று தெரியாமல் போய்விட்டது.

பட்டியல் இன்னும் முடியவில்லை. அக்கா ஒருநாளைக்குப் பத்து, பதினைந்து புத்தகம் பதிகிறா. போன சனிக்கிழமை போனபோது, எங்களை இருக்கச் சொல்லிவிட்டு ஒரு குறை சொன்னா. "சேமிக்குப் பக்கத்தில ஏன் மூடு வைச்சிருக்கிறியள்? கொஞ்சம் வழுக்கினா எல்லாம் போயிடும். உதை அங்கால தள்ளி வையுங்கோ."

அங்கேயே இருந்து இரண்டு வரி தள்ளி வைச்சோம். அக்கா ஒருக்கா அமத்திப் பார்த்தா. "இன்னும் கொஞ்சம்" என்றா. இன்னும் ஒரு வரி தள்ளினோம்.