கால் குடையும் இரவு

கெங்குவார்பட்டி, ஐப்பசி, திங்கள் இரவு

படுத்துக் கொஞ்ச நேரம்தான். முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, நமநமவென்று தொடங்கிவிட்டது. வலியில்லை. ஆனால் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. எழுந்து கூடத்தில் நடந்தால் அடங்குகிறது, படுத்தால் மறுபடியும். “காலை ஆட்டாதத்தா, வீட்டுக்கு ஆகாது” என்கிறாள் அம்மா, பாதித் தூக்கத்தில்.

செவ்வாய்

பகலில் இது எட்டிப் பார்ப்பதில்லை. அசைக்கத் தூண்டும், ஓய்வில் கூடும், நடந்தால் குறையும், மாலைக்கு மேல் முற்றும்: மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் இவைதான். ஸ்வீடன் மருத்துவர் எக்பாம் 1945இல் விரிவாக எழுதிய நோய் இது. 2007இல் வெளிவந்த பெங்களூர் ஆய்வில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு இருந்தது. எத்தனை பேர் இதை வாயுக் கோளாறு என்று தைலம் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார்களோ!

புதன்

மருத்துவர் முதலில் ரத்தத்தைத்தான் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் போதாதாம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது 75க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். மூளைக்குள் இரும்பு குறைந்து, டோபமின் வேலை தடுமாறுவதுதான் அடிப்படைக் காரணம் என்பது இன்றைய கணிப்பு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாந்தோப்பு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறார்கள். சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பது அந்த டீ. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் நல்லது என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டாமா?

நான் மாலை டீயை விட்டுவிட்டேன்.

வெள்ளி

பள்ளி விட்டதும் மஞ்சளாறு பக்கம் நடை. வாரம் மூன்று நாள் நடையும் காலுக்கான பயிற்சியுமாக 12 வாரம் செய்தவர்களுக்குத் தொந்தரவு குறைந்ததை 2006இல் ஓர் ஆய்வு காட்டியது. அளவு மீறினால் அன்றிரவே கால் பழிவாங்கும். படுக்குமுன் கெண்டைக்காலை நீட்டி இழுப்பது, வெந்நீர் ஊற்றுவது, அழுத்திப் பிடித்துவிடுவது எல்லாம் எனக்குக் கேட்கிறது. மனசை முழுசாக இழுக்கிற வேலையும் உதவும். குறுக்கெழுத்துப் போட்டி எனக்கு அப்படி. இந்தக் குடைச்சலுக்கென்றே முழங்காலுக்குக் கீழே கட்டி, நரம்பைத் தூண்டும் கருவி ஒன்றுக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கிறது.

காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் பஸ் ஏறுமுன் வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். புரோமெதசின், மெட்டோகுளோபிரமைடு இரண்டுமே இந்தக் குடைச்சலைக் கிளப்பிவிடக்கூடியவை. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள் பலவும் அப்படித்தான். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையாக இருந்தால் தானாக நிறுத்தக் கூடாது. அவரிடமே கேட்க வேண்டும்.

ஞாயிறு

பக்கத்து வீட்டு மருமகள் ஏழு மாசம். “எனக்கும்தான்க்கா, ராத்திரியெல்லாம் காலு ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. அத்தை திட்டுறாங்க” என்றாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இது சகஜம். பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடும். அவள் அத்தையை உட்காரவைத்து இதையே சொன்னேன். செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா வரும்போது இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று பார்க்கச் சொல்லி, ஃபெரிட்டின் பரிசோதனை பற்றியும் கேட்க வேண்டும்.