வெண்ணீர் சுமந்த வயிறு

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நீர்க்கோவை நோயாளர் ஒருவரைச் சந்திக்கிறோம். அன்று ஓய்வுநாள், பரிசேயர் தலைவர் ஒருவரின் இல்லத்தில் விருந்து. இயேசு என்ன செய்வார் என்று கூடியிருந்தோர் கூர்ந்து நோக்கினர். வீங்கிய உடலோடு நின்றவரின் துன்பம் யாதென எவரும் வினவியதாக லூக்கா எழுதவில்லை. ஆண்டவரோ அவரைத் தொட்டு, நலமாக்கி அனுப்பினார்.

பெருவயிறு என்றதும் நம் ஊர்களில் தீர்ப்பு ஆயத்தமாக நிற்கிறது: ‘குடித்துக் கெட்டவன்.’ குறிஞ்சிப்பாடியை அடுத்த முந்திரித் தோப்புகளில் கூலி வேலை செய்த ஒருவரை நாம் அறிவோம். மதுவைத் தொட்டறியாதவர். அவர் வயிறு பெருத்தபோது, “மறைவாகக் குடித்திருப்பான்” என்றனர் சிலர். “செய்வினை” என்றனர் வேறு சிலர். ஊசி வழியே வயிற்று நீரை எடுத்தபோது அது பால்போல் வெளுத்திருந்தது. கண்ட மனைவி கலங்கிப்போனார்.

அந்த வெண்மைக்குக் காரணம் உண்டு. நாம் உண்ணும் கொழுப்பின் பெரும்பகுதி நேரே இரத்தத்தில் கலப்பதில்லை. குடலிலிருந்து நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பின் வழியே சென்று கழுத்தருகே இரத்தத்தை அடைகிறது. உணவுண்ட நாயொன்றின் குடலருகே இவ்வெண்ணிறக் குழாய்களை 1622-இல் இத்தாலிய மருத்துவர் அசெல்லி கண்டறிந்தார். குழாய் அடைபட்டாலோ கிழிந்தாலோ அந்நீர் வயிற்றறையில் கசிந்து தேங்கும். அதனோடு புரதமும் கொழுப்பும் நோயை எதிர்க்கும் அணுக்களும் வீணாவதால், வயிறு பெருக்க உடல் மெலிகிறது.

காரணங்கள் பல: நிணநீர்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுநோய், கல்லீரல் கெட்டிப்படுதல், வயிற்று அறுவைச் சிகிச்சையில் நேரும் காயம், பிறவிக் குறை. நம் நாட்டில் காசநோயும் யானைக்கால் நோயும் சேர்ந்துகொள்கின்றன. யானைக்கால் புழுக்கள் நிணநீர்க் குழாய்களிலேயே குடியிருப்பவை; வயிற்றில் இவ்வாறு நீர் தேங்கச் செய்வது அரிதே. எனினும் கடலூர்ப் பகுதி அந்நோயை நெடுங்காலம் சுமந்தது. 1975-இல் புதுச்சேரியில் கொசுவழி நோய்களுக்கான ஆய்வு மையம் நிறுவப்பட்டதும், பின்னர் ஆண்டுக்கொருமுறை வீடுவீடாக மாத்திரை வழங்கப்பட்டதும் முதியோர் நினைவில் இருக்கும்.

எடுத்த நீரில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பின் அது நிணநீரே என மருத்துவர் பொதுவாக முடிவு செய்வர். ஆயினும் அது நோயின் பெயரன்று, அடையாளமே. ‘ஏன் கசிந்தது?’ என்ற கேள்விக்கு ஸ்கேன் படமும் சுரப்பியின் சதைப் பரிசோதனையுமே விடை தரும். நம் தொழிலாளிக்கு அவ்விடை காசநோய் என வந்தது.

நீரை எடுப்பது மூச்சுத் திணறலைத் தணிக்கும். காரணத்தை நீக்காது, மீண்டும் நீர் சேரும். ஆகவே கொழுப்பைக் குறைத்து, புரதத்தைக் கூட்டிய உணவு அளிக்கின்றனர். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்ற வகை நிணநீர் வழியைத் தவிர்த்து நேரே கல்லீரலுக்குச் செல்வதால் அதனையும் தருவர். தேங்காய் எண்ணெயில் இவ்வகை ஓரளவு உண்டு; ஆனால் அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். கசிவு நிற்காவிடில் ஆக்ட்ரியோடைடு ஊசி, குடலுக்கு ஓய்வளித்து இரத்தக்குழாய் வழியே ஊட்டம், இறுதியாக அறுவைச் சிகிச்சை என்று படிகள் உண்டு. அவருக்கோ, அரசு விலையின்றி அளிக்கும் காசநோய் மருந்துகளும் உணவுக் கட்டுப்பாடுமே போதுமாயின. மாதங்கள் சென்றன, வயிறு வற்றியது, தோப்புக்குத் திரும்பினார். ஆனால் பழிச்சொல்லுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கிய நாள்கள் அவருக்குத் திரும்பவில்லை.

அன்புக்குரியோரே, அண்டை வீட்டாரின் வயிறு பெருத்திருக்கக் கண்டால், அவர் என்ன குடித்தார் என்று ஆராய்வதை விடுவோம். குடித்தவரே ஆயினும் அவரும் நோயாளரே. புதுச்சேரிக்கோ கடலூருக்கோ செல்லும் பேருந்தில் அவருக்குத் துணையாக ஏறுவோம். சோதனை முடிவு வரும்வரை வெளியே காத்திருக்க ஒருவர் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.